மச்சம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் புற்றுநோயா?

பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று ஒரு இடம் இருக்கும். நம்மில் பாதிப் பேருக்கு அதில் எழுதியிருப்பது மச்சம்தான். வலது கன்னத்தில் ஒன்று, இடது முழங்கைக்குக் கீழே ஒன்று என்று ஆசிரியர் தேடிப் பார்த்து எழுதியிருப்பார். ஐம்பது வயதிலும் அது அதே இடத்தில் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை அடையாளமாக எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரிதான். ஆனால் சில மச்சங்கள் பார்க்கும்போதே ஒரு மாதிரியாக இருக்கும், ஓரம் கலைந்து, நிறம் திட்டுத்திட்டாக, மற்றவற்றைவிடப் பெரிதாக. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ்', அதாவது இயல்பு மாறிய மச்சம் என்று வரும். அந்த வார்த்தையை இணையத்தில் தேடியவர்களுக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும், ஏனென்றால் தேடல் முடிவில் முதலில் வந்து நிற்பது மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு நாம் பயந்துபோய் நினைக்கிற மாதிரியானது இல்லை.

முதலில் மச்சம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரித்துச் சுற்றியுள்ள செல்களுக்குக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், தயாரிக்கிற மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. இந்தச் செல்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் அது மச்சம். சிறு வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் புது மச்சங்கள் வருவது சாதாரணம். ஒரே நிறம், தெளிவான ஓரம், வட்டம் அல்லது முட்டை வடிவம், பெரும்பாலும் 5 மி.மீ.க்குள், இதுதான் சாதாரண மச்சம். வயதாக ஆக அது மெல்ல மேடாகலாம், நிறம் மங்கலாம், அதில் முடி முளைக்கலாம். முடி முளைத்தால் ஆபத்து என்று சிலர் பயப்படுகிறார்கள், அதற்கு அடிப்படை இல்லை.

இதற்குள்ளே ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2002-ல் மெலனோமா கட்டிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பாதிக்கும் மேல் 'பிராஃப்' என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். செல்லைத் 'பெருகு, பெருகு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும் பிழை அது. சரி, புற்றுநோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால், அடுத்த வருடமே இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு கெடுதலும் செய்யாத சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே பிழை இருக்கிறது! அதாவது உங்கள் கன்னத்து மச்சமும் ஒரு காலத்தில் அதே உத்தரவைக் கேட்டுப் பெருகத் தொடங்கியதுதான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் உடல் அதை நிறுத்திவிட்டது. அந்த நிறுத்தும் வேலையில் முக்கியப் பங்கு பி-16 என்ற புரதத்துக்கு உண்டு. அதற்குப் பிறகு அந்தச் செல்கள் சாகாமல், பெருகாமல், பல பத்து வருடங்கள் அப்படியே கிடக்கின்றன. மெலனோமா வரவேண்டுமென்றால் இந்த ஒரு பிழை போதாது, நிறுத்துகிற ஏற்பாடும் கெட வேண்டும், அதோடு வேறு சில சேதங்களும் சேர வேண்டும்.

இயல்பு மாறிய மச்சம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பார்வைக்கு அது 5 மி.மீ.யைவிடப் பெரிதாக இருக்கும். ஓரம் இங்கேதான் முடிகிறது என்று சொல்ல முடியாமல் தோலோடு கரைந்து போகும். ஒரே மச்சத்தில் இளம்பழுப்பு, கரும்பழுப்பு, சில சமயம் லேசான சிவப்பு என்று கலந்திருக்கும். பலவற்றில் நடுவில் சின்ன மேடு, சுற்றிலும் தட்டையான வளையம், ஆஃப் பாயில் போட்ட மாதிரி. முதுகிலும் மார்பிலும் அதிகம் வரும், வெயிலே படாத பிட்டம், தலைச்சருமம் போன்ற இடங்களிலும் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் கூடியிருக்கும் ஒழுங்கும், செல்லின் உள்வடிவமும் கொஞ்சம் கலைந்திருக்கும். அமெரிக்காவில் சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு மச்சமாவது இருக்கும் என்கிறார்கள். இத்தனை பேரிடம் இருக்கும் ஒன்றைப் புற்றுநோயின் முதல் படி என்று சொல்லிவிட முடியாது.

பிறகு ஏன் டாக்டர்கள் இதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1820-லேயே வில்லியம் நோரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மெலனோமாவால் இறந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவருடைய தந்தையும் இதே நோயால் இறந்ததையும், பிள்ளைகள் உடம்பிலும் மச்சங்கள் இருந்ததையும் குறித்து வைத்திருக்கிறார். இது குடும்பத்தில் வருகிற நோய் என்று அப்போதே அவருக்குத் தோன்றியிருக்கிறது. 150 வருடங்களுக்கு மேல் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1978-ல் அமெரிக்காவில் வாலஸ் கிளார்க்கும் அவருடைய குழுவினரும், தலைமுறை தலைமுறையாக மெலனோமா வந்துகொண்டிருந்த சில குடும்பங்களைப் பரிசோதித்தார்கள். நோய் வந்தவர்கள் உடம்பில் பெரிய, ஓரம் கலைந்த, பல நிற மச்சங்கள் ஏராளமாக இருந்தன. அப்படி இருந்த இரண்டு குடும்பப் பெயர்களின் முதலெழுத்தை வைத்து 'பி-கே மச்ச நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவரும் இதையே வேறு பெயரில் எழுதினார். பின்னால் 1994-ல் இத்தகைய குடும்பங்கள் பலவற்றில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தெரிய வந்தது. அதன் பெயர் சிடிகேஎன்2ஏ. மேலே சொன்னேனே பி-16 புரதம், அதைத் தயாரிப்பது இந்த மரபணுதான். பெருக்கத்தை நிறுத்துகிற ஏற்பாடே பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் குடும்பங்கள் அவை. இவர்களில் கணையப் புற்றுநோயும் அதிகமாக வருகிறது, அதனால் குடும்ப வரலாறு கேட்கும்போது டாக்டர் கணையத்தைப் பற்றியும் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்தக் குடும்பங்களில் ஆரம்பித்த பயம்தான் இன்று எல்லோர் மேலும் படிந்திருக்கிறது. ஏனென்றால் கண்டுபிடித்த சில வருடங்களிலேயே, குடும்பத்தில் யாருக்கும் மெலனோமா இல்லாத சாதாரண ஆட்களிடமும் இப்படிப்பட்ட மச்சங்கள் நிறைய இருப்பது தெரிந்துவிட்டது. 1992-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம், 'டிஸ்பிளாஸ்டிக்' என்ற பெயரையே விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தது. பெயர் போகவில்லை. ரிப்போர்ட்டில் இன்றும் அதுதான் வருகிறது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இந்த மச்சம் புற்றுநோயாக மாறுமா என்பது ஒன்று. இப்படிப்பட்ட மச்சங்கள் இருக்கிற எனக்குப் புற்றுநோய் வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், மிக மிக அரிதாக. 2003-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவரின் ஏதாவது ஒரு மச்சம் ஒரு வருடத்தில் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு இரண்டு லட்சத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. அறுபது தாண்டிய ஆண்களுக்குக்கூட முப்பத்து மூவாயிரத்தில் ஒன்றுதான். அது எல்லா வகை மச்சங்களையும் சேர்த்த கணக்கு. இயல்பு மாறிய மச்சத்தை மட்டும் தனியாக எடுத்தாலும், அவற்றில் பெரும்பாலானவை கடைசி வரை மச்சமாகவே இருந்துவிடுகின்றன.

இரண்டாவது கேள்விக்குப் பதில் வேறு. இத்தகைய மச்சங்கள் ஐந்துக்கு மேல் இருப்பவருக்கு, ஒன்றுகூட இல்லாதவரோடு ஒப்பிட்டால் மெலனோமா வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மச்சம் சாதாரணமாக இருந்தாலும் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் அதே கதைதான். ஆனால் வருகிற மெலனோமா எங்கே வருகிறது? பத்தில் ஏழு, ஏற்கெனவே மச்சம் எதுவும் இல்லாத வெறும் தோலில்தான் புதிதாக முளைக்கிறது. மச்சத்திலிருந்து கிளம்புவது மீதி மூன்று பங்குதான். ஆக, அந்த மச்சம் உங்கள் தோல் முழுவதையும் பற்றி ஒரு தகவல் சொல்கிறது, இந்தத் தோலில் நிறச்செல்கள் கொஞ்சம் தாராளமாகப் பெருகக்கூடியவை, கவனமாக இருங்கள் என்று. இது புரிந்துவிட்டால், பயத்தில் எல்லா மச்சத்தையும் வெட்டி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணம் ஏன் தப்பு என்பதும் புரிந்துவிடும். எடுத்த பிறகும் மீதித் தோல் அதே தோல்தானே.

எதைக் கவனிப்பது? நியூயார்க் பல்கலைக்கழக டாக்டர்கள் 1985-ல் ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்தில் ஒரு வழி சொன்னார்கள், 2004-ல் இ சேர்ந்தது. மச்சத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டதாக நினைத்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, நிறம் ஒன்றா பலவா, 6 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா, அப்புறம் மாறிக்கொண்டே வருகிறதா. இதில் முதல் நான்கும் இயல்பு மாறிய மச்சத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் சிக்கல். அதனால் என்னைக் கேட்டால் ஐந்தாவதுதான் உயிர். சில வாரங்களில், சில மாதங்களில் பெரிதாகிறது, கருக்கிறது, மேடாகிறது, அரிக்கிறது, சொறியாமலே ரத்தம் கசிகிறது என்றால் அது எந்த அளவில் இருந்தாலும் காட்ட வேண்டும். ஏ, பி, சி, டி எதற்கும் அகப்படாத ஒரு வகையும் உண்டு, உருண்டையாக, கெட்டியாக, ஒரே நிறத்தில், வாரக்கணக்கில் வளர்வது. அதையும் இந்த ஐந்தாவது கேள்விதான் பிடிக்கும்.

இன்னொரு வழி 1998-ல் பிரெஞ்சு டாக்டர்கள் சொன்னது. ஒருவர் உடம்பில் இருக்கும் மச்சங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று சாயலில் ஒத்திருக்கும். எல்லாமே கொஞ்சம் பெரிதாக, ஓரம் கலைந்து இருந்தால் அது அவருடைய வாகு. அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முப்பது பழுப்பு மச்சங்களுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பு, அல்லது ஒரே ஒரு சிவப்பு. நிறைய மச்சம் உள்ளவர்களுக்கு ஐந்து எழுத்தைவிட இது சுலபம்.

நினைவை நம்பாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், முதலில் கொஞ்சம் தள்ளி நின்று எந்த இடம் என்று தெரிகிற மாதிரி ஒன்று, பிறகு நெருங்கி ஒன்று. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே மாதிரி மறுபடி எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதுகை வீட்டில் யாராவதுதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வெளுத்த தோல்காரர்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. உலகிலேயே மெலனோமா அதிகம் வருவது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். வெயிலுக்குப் பழகாத தோல், கடுமையான புற ஊதாக்கதிர், இரண்டும் சேர்ந்த விளைவு. சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்று 1981-லிருந்தே அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே குடியேறிய தமிழர்கள் சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுத் தங்கள் மச்சங்களைப் பார்த்துப் பயப்படுவது இயல்பு. நம் தோலில் இருக்கும் மெலனின் நல்ல பாதுகாப்பு, இந்தியாவில் மெலனோமா அரிதான நோய்தான். முகத்திலும் கழுத்திலும் வயதாக ஆகச் சின்னச் சின்னக் கறுப்புப் பருக்கள் மாதிரி வருமே, அம்மாவுக்கு இருந்தது எனக்கும் வந்துவிட்டது என்பார்களே, அவை மச்சமே இல்லை, ஒரு கெடுதலும் செய்யாதவை.

ஆனால் நமக்கு வருகிற மெலனோமா வேறு இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அதனால் கறுத்த தோல் இங்கே காப்பாற்றாது. பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதுதான். 1977-ல் வலது கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கண்டுபிடிக்கப்பட்டது, 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார். நம் ஊரில் உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு வந்தால் யார் பார்க்கிறார்கள்? பார்த்தாலும் முள் குத்தின தழும்பு, கால் ஆணி, செருப்பு கடித்தது என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும். புண்ணாகிவிட்டால் சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்போம். இந்தத் தாமதம்தான் உயிரை எடுக்கிறது. அதனால் மெலனோமா பற்றித் தமிழில் எழுதுகிற யாரும் வெயிலைப் பற்றி எழுதுவதைவிட இரண்டு மடங்கு பாதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குளித்து முடித்து ஈரம் துடைத்ததும் ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொண்டு உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். குதிகால், முன்பாதம், விரலிடுக்கு. புதிதாக வந்த, ஓரம் கலைந்த, பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டு இருந்தால் காட்டுங்கள். நிறமே இல்லாமல் சிவந்த புண்ணாக வருவதும் உண்டு, ஆகவே காரணம் தெரியாமல், மருந்து போட்டும் ஆறாத புண்ணையும் காட்டுங்கள்.

நகத்தில் அடியிலிருந்து நுனி வரை பழுப்புக் கோடு ஓடுவது நம் நிறத்தவர்களிடம் சகஜம். பல விரல்களில் மெலிதாக, பல வருடமாக இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலில், நடுவயதுக்குப் பிறகு புதிதாக ஒரு கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு. கோட்டின் நிறம் நகத்தோடு நிற்காமல் நகத்தின் அடியில் உள்ள தோலுக்கும் பரவியிருந்தால் தள்ளிப் போடவே கூடாது. கதவிடுக்கில் நசுங்கி ரத்தம் கட்டினதும் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது நகம் வளர வளர முன்னால் நகர்ந்து வெளியேறிவிடும். கை நகத்துக்கு ஆறு மாதம் போல ஆகும், கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நகராமல் அதே இடத்தில் நின்றால் ரத்தம் இல்லை.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்? டெர்மாஸ்கோப் என்ற கருவியை மச்சத்தின் மேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கி, உள்ளே நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்ப்பார். வலி கிடையாது. சந்தேகம் வந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, முடிந்தவரை மச்சத்தை முழுதாகச் சுற்றிலும் இரண்டு மி.மீ. அளவுக்கு நல்ல தோலோடு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்கள் சொல்வது அக்கறையில்தான், ஆனால் பயாப்ஸி எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை, எடுக்காமல் விடுவதால்தான் பரவுகிறது. ரிப்போர்ட்டில் மாற்றம் லேசானது, முழுவதும் எடுத்தாயிற்று என்று இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. கடுமையான மாற்றம் என்றால் சுற்றி இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்வார்கள், அது முன்னெச்சரிக்கை. இப்படிப்பட்ட மச்சங்கள் ஐந்துக்கு மேல் இருந்தால், அல்லது ரத்த உறவில் யாருக்காவது மெலனோமா இருந்தால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை உடம்பு முழுவதும் பார்க்கச் சொல்வார்கள்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்து மச்சத்தைச் சுட்டு எடுப்பது, பார்லரில் கருக்கி எடுப்பது, பரிசோதனை இல்லாமல் லேசர் வைப்பது. அது வெறும் மச்சமாக இருந்தால் தழும்போடு போய்விடும். மெலனோமாவாக இருந்தால், மேலே தெரிந்த கறுப்பு மட்டும் போய், அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும், என்ன இருந்தது என்று பார்க்கத் துணுக்குகூட மிஞ்சாது. மெலனோமாவில் எல்லாமே ஆழத்தைப் பொறுத்தது. 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர், கட்டி எத்தனை மி.மீ. ஆழம் போயிருக்கிறது என்று அளந்தாலே நோயாளியின் போக்கைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார், இன்றும் அந்த அளவுதான் அடிப்படை. ஒரு மி.மீ.க்குள் பிடித்து எடுத்துவிட்டால் அநேகமாகக் குணமாகிவிடும். அமெரிக்கக் கணக்கில், தோலோடு நின்ற நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஐந்து வருடம் தாண்டுகிறார்கள், வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் மூன்றில் ஒருவர்தான். பரவிய நோய்க்கும் 2011-க்குப் பிறகு நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது, கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தும் எடுத்துக்கொண்டார், அதன்பின் ஒன்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து நூறு வயதில் இறந்தார். ஆனால் அந்த மருந்தின் விலை நம்மில் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு மி.மீ. ஆழத்தில் எடுப்பதற்கு ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் காட்டிவிடலாம்.

போகும்போது நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள், கால் விரலிலும்தான். மருதாணி வைத்திருந்தால் நகத்தின் கோடும் உள்ளங்காலின் திட்டும் சரியாகத் தெரியாமல் போகலாம், அதற்காக நிறம் போகும்வரை காத்திருக்காமல், மருதாணி என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எப்போது முதலில் பார்த்தீர்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, இந்த மூன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பப் பார்த்தால், செருப்பைக் கழற்றி, பாதத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் டாக்டர் என்று நீங்களே கேளுங்கள்.